பச்சை டாங்கி

யேசுதாஸ் குவைத்துக்குப் போகும் முன் டிவியில் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸை மாட்டினான். பழைய கேசட் கேம்களை ஓட்டும் எமுலேட்டரை அதிலும் தன் போனிலும் ஏற்றினான். முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து எழுதி, உலகத்துக்கே சும்மா கொடுத்திருக்கிற சாஃப்ட்வேர்.

"நீ கும்மிடிப்பூண்டில, நான் அங்க. ஆனா ஒரே கேம்ல இருப்போம் ஹெலனு," என்றான் மனைவியிடம்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. ஹெலன் சிப்காட்டில் முதல் ஷிப்ட் முடித்து வந்து, முகம் கழுவிவிட்டு டிவி முன் உட்காருவாள். செங்கல் கோட்டையை எதிரிகள் உடைக்காமல் காக்க வேண்டும். அவளுக்குச் சிவப்பு டாங்கி, அவனுக்குப் பச்சை. "லெப்டுல வர்றான் பாரு" என்பதுதான் பாதிப் பேச்சு. அதுவே போதுமாக இருந்தது.

பிறகு அவன் வருவது நின்றது. கேட்டால், கனெக்ட் ஆகவில்லை என்றான். வாராவாரம் அதையே சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. போனில் சண்டை போட மனமில்லை. அந்த சாஃப்ட்வேரின் உதவிப் பக்கத்தைத் தேடி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு பக்கமும் ஒரே வெர்ஷன் இருந்தால்தான் சேர்ந்து ஆட முடியுமாம். அவன் போனில் எது என்று கேட்டாள்; புதியது தானாக ஏறியிருந்தது. டிவியில் இருந்தது பழையது. அவன் பொய் சொல்லவில்லை. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

புதியதை ஏற்றினாள். அடுத்த வெள்ளி பச்சை டாங்கி திரையில் வந்து நின்றது.

"யோவ், வந்துட்டியா!"

"வந்துட்டேன்டி. இன்னா பேஜாரு பண்ணிச்சு இது," என்றான் போன் ஸ்பீக்கரில்.

முதல் ஸ்டேஜை ஜெயித்தார்கள்.

"மோட்டர் ரிப்பேருயா. ரெண்டு நாளா கீழ இருந்துதான் தண்ணி தூக்கிக்கினு வரேன்," என்றாள் ஆடிக்கொண்டே.

பச்சை டாங்கி சுவரோரம் அசையாமல் நின்றது.

"இன்னா பண்ணிக்கினு கீற? சுடு!"

போனில் மெல்லிய குறட்டை கேட்டது. அந்த வாரம் முழுக்க அவனுக்கு ஓவர்டைம்.

அவள் எழுப்பவில்லை. சிவப்பு டாங்கியை அவன் முன்னால் நிறுத்தி, வந்தவர்களை எல்லாம் சுட்டாள். அப்படியும் பச்சை வெடித்தது. மறுபடி முளைத்து, மறுபடி சும்மா நின்றது.

போனில் வேறு குரல்: "சிஸ்டர், நான் இவன் ரூம்மேட். யேசு தூங்கிட்டான். எழுப்பட்டுமா?"

"வேணாண்ணா. தூங்கட்டும். போன மட்டும் சார்ஜ்ல போட்டுடுங்க."

லைன் கட்டானது. மற்றவர் வெளியேறிவிட்டார் என்று திரையில் ஒரு வரி வந்து மறைந்தது.

அந்த ஸ்டேஜைத் தனியாகவே முடித்தாள்.

"ஜெயிச்சிட்டேன்யா," என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு டிவியை அணைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.