பின்பக்கமாய்ப் படியேறுகிறவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செம்பாக்கத்து வாடகை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பனித்தரையில் ஜோடியாக ஆடிச் சாம்பியன் ஆன ஒருவனும் ஒருத்தியும். அவர்கள் வாழ்க்கையைப் படமாக்கித் தமிழில் பேச வைத்திருந்தார்கள். சாமுண்டீஸ்வரி கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"செருப்புல கத்திய வச்சிகினு இன்னா ஆட்டம் இது," என்றான் புருஷன் ஏகநாதன். "நம்ம தெருவுல வந்து ஆடச் சொல்லு, பல்லு பேந்துடும்."

"கம்முனு பாருய்யா. பின்பக்கமாவே போறா. ஒருவாட்டியாவது திரும்பிப் பாக்குறாளா?"

அவளுக்குத் தெரிந்த வேலை அது. இரண்டு பேரும் கட்டடங்களில் கிரானைட் கல் ஏற்றுகிறவர்கள். மாடிப்படியில் பாரமெல்லாம் கீழ்முனைக்கு வரும். அது அவன் பக்கம். மேல்முனையைப் பிடித்துப் பின்பக்கமாய் ஏறுவது அவள். படி அவளுக்குத் தெரியாது. "படி", "திரும்பு" என்று அவன் கொடுக்கிற குரல்தான் கண்.

தை மாதம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு அவள் போகவில்லை. அந்தக் கோபத்தில் அவன் பேச்சை நிறுத்தினான். மறுநாள் பேசாமலே கல்லையும் தூக்கினான். திருப்பத்தில் அவள் கால் தவறியது, கல் பாதத்தில் இறங்கியது. கேட்டவர்களிடமெல்லாம், "ஈரக் கல்லு, வழுக்கிச்சு" என்றான். கால் ஆறிய பிறகும் அவளுக்குப் பதில் கூட்டாளி பிரிட்டோவைத்தான் கூட்டிப் போகிறான். வீட்டில் சும்மா கிடந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்தது.

படத்தில் ஆட்டக்காரன் தன் ஜோடியைத் தூக்கிச் சுற்றும்போது நழுவவிட்டான். நிருபர்களிடம், "ஐஸ் சரியில்லை" என்றான்.

ஏகநாதன் ரிமோட்டுக்குக் கை நீட்டினான். அவள் அதைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கி அஸ்தினாபுரத்துல கல்லு ஏத்தணும்ல? நான் வரேன்."

"பிரிட்டோ வரான். உன் காலு..."

"என் காலுக்கு இன்னா கொற? உன் வாய்க்குதான் கொற."

விளம்பரம் வந்து போனது.

"கல்லு வழுக்கல," என்றான். "நான்தான் கொரல் குடுக்கல."

"எனக்குத் தெரியாதா? வழுக்கிச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியே, அவங்களுக்குச் சொல்லு. மொதல்ல பிரிட்டோவுக்கு."

வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு போன் போட்டான். "மச்சான், நாளைக்கி அவ வரா... இல்லடா, கல்லு வழுக்கல. தப்பு என்னுது."

அவள் ரிமோட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். அவன் சேனலை மாற்றவில்லை.

மறுநாள் அஸ்தினாபுரம் போவதற்குள் வேறொரு சண்டை. வண்டியில் பெட்ரோல் போடாமல் கிளம்பியது யார் தப்பு என்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கல்லைத் தூக்கினார்கள்.

"படி," என்றான் கீழிருந்து. "படி... படி... திரும்பு, திமிரு புடிச்சவளே!"

"ஆங்," என்று அவள் திரும்பினாள், பின்னால் பார்க்காமல்.