ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்த்தொட்டி

அடித்தது அம்மாவின் போன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துவைத்த துணி வாளியோடு மொட்டைமாடிக்குப் போன அம்மா வெகுநேரமாகியும் இறங்கி வரவில்லை. எடுத்தால், அவள் வேலை செய்யும் சட்டைக் கம்பெனியின் இன்சார்ஜ்.

"சூப்பர்வைசர் வேலைக்கு இன்னைக்கே பதில் வேணும்மா. உங்கம்மா இழுத்துக்கிட்டே இருந்தா வேற ஆளப் போட்டுடுவாங்க. நீ படிச்ச பொண்ணுதானே, எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"லைன்லயே இருங்க சார், கூப்பிடுறேன்."

நைட் டூட்டி முடித்துவிட்டுப் போர்வைக்குள் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கண்டக்டரம்மா மேலதான் இருக்கா. விசில் அடிச்சுட்டுத்தான் வண்டி எறங்கும்."

அம்மா விசிலடிப்பாள், அதனால் அப்பாவுக்கு அவள் கண்டக்டரம்மா. அடுப்படியில், குளியலறையில், பல்லிடுக்கில் காற்று போவதுபோல ஏதோ ஒன்று. நான் அதைக் காதில் வாங்கியதே கிடையாது.

எனக்கு நேற்றிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. காலர் மெஷினில் குனிந்து குனிந்து அம்மாவின் முதுகு போய்விட்டது. பெல்ட் கட்டாமல் அவளால் ஒரு ஷிப்ட் உட்கார முடியாது. சூப்பர்வைசர் ஆனால் நிமிர்ந்து நடக்கலாம், நாலு பேரை அதட்டலாம். ஒரே நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். அதற்குப் பதிலாகப் புதன்கிழமை லீவு. ஏழு நாளில் எந்த நாள் லீவாக இருந்தால் என்ன? "எனக்கு ஞாயித்துக்கெழமதான்டி வேணும்" என்றாள். எதுக்கு என்றேன். "சும்மாதான்."

சும்மாவாம். எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். சும்மா இருந்து மிதிக்கவில்லை. வேலைக்கான இன்டர்வியூவில் "உங்க ஹாபி என்ன?" என்று கேட்டார்கள். பக்கத்து நாற்காலிப் பையன் கிடார் என்றான், இன்னொருத்தி மலையேற்றம் என்றாள். எங்கள் வீட்டில் நேரம் மிச்சமானால் தூங்குவோம். அதைச் சொல்ல முடியுமா? புத்தகம் படிப்பேன் என்று புளுகி வைத்தேன். இப்போது ஆபீஸில் வருஷத்துக்கொரு தடவை ஒருத்தரைக் கூட்டிவந்து, ஓய்வு நேரம்தான் கற்பனையின் ஊற்று என்று பேசவைக்கிறார்கள். அவர் சட்டையைத் துவைத்தது யார், இஸ்திரி போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன், மனசுக்குள்.

அந்தக் கோபத்தோடுதான் போனும் கையுமாகப் படியேறினேன். கடைசித் திருப்பத்தில் கால் தானாக நின்றது.

மேலே ஏதோ ஒலித்துக்கொண்டிருந்தது. குழல் என்று சொல்ல முடியாது, பறவை என்றும் சொல்ல முடியாது. ஒற்றைக் கம்பியாகக் கிளம்பி, போகப்போக நாலாகப் பிரிந்து, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தது. கையில் ரோமம் எழுந்து நின்றது. எட்டிப் பார்த்தேன்.

கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பொதுத் தண்ணீர்த்தொட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாள். எந்த முதுகுக்காக நான் நேற்று தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே முதுகை வளைத்து வைத்துக்கொண்டு விசிலடித்தாள்.

நீளமாக ஓடியது. சட்டென்று நின்றது. மறுபடி சின்னதாக ஒரு ஓட்டம். இந்த ஓட்டம் எனக்குத் தெரியுமே! ஸ்கூல் லீவு நாட்களில் சோற்று டப்பாவோடு கம்பெனிக்குப் போய் அம்மாவின் மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். காலரின் நீளத்துக்கு ஒரு ஓட்டம். மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்துவாள், துணியை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்குவாள், துணியைத் திருப்புவாள். அந்த நிறுத்தம் பிசகினால் காலரின் முனை மழுங்கிவிடும். அதே நிறுத்தம். ஹால் முழுக்க இரையும் மெஷின்களுக்கு நடுவே, பேசக்கூட வழியில்லாத இடத்திலிருந்து, இதை மட்டும் எப்படியோ பொறுக்கி எடுத்து வந்திருக்கிறாள். கம்பெனியில் மூலை திரும்பினால் அடுத்த காலர்தான் வரும். இங்கே திரும்பியதும் நான் கேட்டே இராத எங்கோ போனது. போன இடத்தில் ஒரு அலட்டலும் இல்லை. தொட்டிக்கு அடியில் இன்னொரு வானம் இருப்பதுபோல ஒலி இறங்கிக்கொண்டே போனது.

தலையை வெளியே எடுத்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"இது என்ன பாட்டும்மா?"

"பாட்டெல்லாம் இல்ல. அதுவா வருது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஞாயித்துக்கெழம எல்லா வீட்லயும் தொவச்சுத் தள்ளிடுறாங்களா, இந்நேரம் தொட்டி வயிறு காலியாக் கெடக்கும். சாயங்காலம் மோட்டாரப் போட்டா போச்சு."

"புதன்கிழமை?"

"ரொம்பிக் கெடக்கும்டி. ஊதுனா மூஞ்சியிலயே திருப்பி அடிக்கும்."

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

"ரெண்டாவது மூலை வரைக்கும் வந்துட்டேன்" என்றாள், துணி உலர்த்தியாயிற்று என்பதுபோலச் சாதாரணமாக. "அதுக்கு மேல எங்க போவுதுன்னு இன்னும் பிடிபடல. சரி, எதுக்கு வந்த? போன் யாரு?"

"இன்சார்ஜ்."

அம்மா போனைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். இடுப்பில் கைவைத்து, முதுகை ஒருதரம் நெளித்து நிமிர்த்தினாள். வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்தாள்.

"ஒரு நிமிசம் இருக்கச் சொல்லு" என்று மறுபடி தலையை உள்ளே விட்டாள்.

முதல் ஓட்டம் போனது. முதல் மூலை. திரும்பியது. நானும் கிட்டே போய் விளிம்பில் காதை வைத்தேன். சிமெண்ட் அதிர்ந்தது. உள்ளே கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர், அதில் அம்மாவின் முகம் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது மூலைக்கு வந்தாள். நிறுத்தினாள்.

"ஹலோ... ஹலோ, அம்மா வந்தாச்சா?" என்றது போன்.

அதன் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினேன். ஊசி துணிக்குள் நின்றுகொண்டிருந்தது. அம்மா இன்னும் திருப்பவில்லை.