பத்துக் கட்டத்தில் அரை சென்டிமீட்டர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். நகல் கடையில் என் கையெழுத்துப் பிரதியோடு நின்றபோது, முன்னால் ஒரு கணக்கு டீச்சர் கட்டத்தாள் நகலுக்கு விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் மறுத்துக்கொண்டிருந்தார். பேரம் பேசியே வயிறு வளர்த்த குடும்பம் எங்களுடையது. விலைக்காகப் பேசுகிறவர் யார், வேறெதற்கோ பேசுகிறவர் யார் என்று குரலிலேயே தெரிந்துவிடும். அவர் அவளை அனுப்ப மனமில்லாமல் மறுத்துக்கொண்டிருந்தார்.

2

தொடக்கங்கள்:

மழை பெய்த ஒரு மாலையில்— (வேண்டாம். தாள் நனையும், டீச்சர் வரமாட்டாள்.)

கடைக்காரரின் மனைவி— (இரண்டாம் வரைவில் அவரை நீக்கிவிட்டேன். இருந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.)

முதல் வரைவில் டீச்சர் அவரை “அண்ணா” என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லில் கதையே படுத்துவிட்டது. “ஏங்க” என்று மாற்றினேன். எல்லாக் கடைக்காரரையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவருக்கு மட்டும் அது காதோடு நிற்பதில்லை.

3

கட்டத்தாளைக் கணினியில் அவளுக்காக வரைந்தவர் அவர்தான். நடுவில் ஆதிப்புள்ளி, நான்கு கால்பகுதிகள், ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர். கோடு கறுப்பாக இருந்தால் பிள்ளைகளின் பென்சில் தெரியாது என்றாள். வெளுத்தால் நகலில் கோடே காணாமல் போகும் என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறம் தேடி மாதக்கணக்கில் மாதிரி போட்டுப் பார்த்தார்கள். (அந்த நிறம் முதல் வாரமே கிடைத்துவிட்டது. இருவருமே அதைச் சொல்லவில்லை.)

பிறகு அவள் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கிவிட்டாள்.

4

சில வாரங்கள் ஆளைக் காணோம். ஒருநாள் ஒற்றைத் தாளோடு வந்தாள்.

“ஏங்க, என் பிரிண்டர்ல கட்டம் சின்னதா வருது. பிள்ளைங்க காம்பஸ்ல அஞ்சு சென்டிமீட்டர் வச்சுச் சுத்தினா, வட்டம் அஞ்சாவது கட்டத்தைத் தாண்டிப் போயிடுது. இது மட்டும் சரியாயிட்டா அப்புறம் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்.”

ஸ்கேல் வைத்தார். பத்துக் கட்டம், ஒன்பதரை சென்டிமீட்டர். பார்த்தவுடனே புரிந்துவிட்டது: அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற இடத்தில் டிக் விழுந்திருக்கிறது. அதை எடுத்தால் தீர்ந்தது. அதோடு அவள் வருவதும் தீர்ந்தது.

பிரிண்டரே சரியில்லை என்று அவரைச் சொல்லவைக்கலாம். கதை இன்னும் பத்துப் பக்கம் ஓடும், எனக்கும் லாபம். கை வரவில்லை.*

* என் அப்பா விலையில் வாய் கூசாமல் பொய் சொல்வார். அளவில் கை வைத்தவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுவார்.

5

சொல்லிவிட்டார்.

“அந்த டிக்கை எடுத்துடுங்க டீச்சர். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றார். அவள் பேரம் பேசவில்லை. பேச விலையே இல்லை. “அப்ப, நான்—” என்றாள். அவளும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை. தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

6

இனி வருவது கொசுறு.

கடைக்காரர் தாளை எடுத்து வைக்கப் போனவர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் அதே கட்டம். ஸ்கேல் வைத்தார். பத்துக் கட்டம், பத்து சென்டிமீட்டர். இம்மியும் குறையவில்லை.

டிக் விஷயம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

(பின்பக்கத்தை அச்சிட்டது அவளா, நானா என்று கேட்காதீர்கள். கொசுறுக்கு யாரும் ரசீது கேட்பதில்லை.)

கோபித்துக்கொண்டு இறங்கும் ஆளை எப்போது திரும்பக் கூப்பிடுவது என்பதை என் அப்பாவின் கடையில் எழுத்துக்கு முன்னால் கற்றுக்கொடுத்தார்கள். முதல் படியிலேயே கூப்பிட்டால் நம் அவசரம் தெரிந்துவிடும். தெருமுனை திரும்பிவிட்டால் காதில் விழாது. கடைசிப் படிக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறது.

அவள் அந்தப் படியில் நிற்கிறாள். கடைக்காரர் மறுபடியும் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருக்கிறார். நான் கூப்பிட்டால் ஆசிரியன் கூப்பிட்டதாகிவிடும். அவள் திரும்ப வேண்டியது எனக்காக அல்ல. நீங்கள் அவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். “டீச்சர்” வேண்டாம். அவள் கூப்பிட்டது போலவே கூப்பிட்டுப் பாருங்கள்.

செருப்பு வார் கழன்று அவள் குனிந்ததாக எழுதிவிட்டேன். அதற்கு மேல் என்னால் நேரம் வாங்கித்தர முடியாது.