கட்டைக்கு அந்தப் பக்கம்

நெடுஞ்சாலையில் வேலை செய்கிறவனுக்கும் பறந்து வருகிற வண்டிக்கும் நடுவே இருப்பது அந்த கான்கிரீட் கட்டைகள்தான். இடுப்பு உயரம், அடியில் அகலம், மேலே ஒடுக்கம். வரிசையாக வைத்து இரும்பு முளையால் ஒன்றோடொன்று பூட்டிவிட்டால், லாரியே வந்து இடித்தாலும் உரசிக்கொண்டு தன் வழிக்குத் திரும்பிவிடும். அவற்றைத் தூக்குவதும் இறக்குவதும்தான் கிரேன்காரனின் பிழைப்பு.

அவன் தங்கை புருஷனும் அதே இடத்தில் தார் பரப்புகிறவர்களோடு வேலை பார்த்தான். இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க மச்சான் ஒரு கட்டையைத் தூக்கி இறக்கறதுக்குள்ள ஆமை ஊரைச் சுத்திட்டு வந்துடும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கிரேன்காரனும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பான்.

அன்று தார் லாரி உள்ளே வர வழி வேண்டுமென்று மேஸ்திரி ஒரு கட்டையை எடுக்கச் சொன்னார். "லாரி போனதும் மூடிடுப்பா, மறந்துடாதே" என்றும் சொன்னார். லாரி கொட்டிவிட்டுப் போனபோது சாப்பாட்டு வேளை. கிரேன்காரனுக்குப் பசியில் காது அடைத்தது. மூடாமல் இறங்கிவிட்டான். மற்றவர்கள் வளைவுக்கு அப்பால் தண்ணீர் வண்டி நிழலுக்குப் போய்விட்டார்கள். ஓரத்துத் தார் இறுகிவிடுமே என்று மாப்பிள்ளை மட்டும் தாரை இழுத்துச் சமப்படுத்துகிற வாரியோடு நின்றான்.

"மச்சான், அந்த ஓட்டையை அடைச்சிட்டுச் சாப்பிடக் கூடாதா? வர்ற வண்டியெல்லாம் என்னையே பார்த்து வர்ற மாதிரி இருக்கு."

"உன்கிட்ட பார்க்க என்ன இருக்கு? வேலையைப் பாரு மாப்ளே."

"அது சரி. சோத்தைக் கண்டா உங்களுக்கு வேற எது கண்ணுல படும்?"

வழக்கமான கேலிதான். ஆனாலும் அந்தப் பேச்சுக்காகவே இவனை இன்னும் கொஞ்சம் பயந்து நிற்க வைக்கலாம் என்று கிரேன்காரனுக்குத் தோன்றியது. கிரேன் படியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, ஆற அமரச் சாப்பிட்டான்.

சாலையில் முன்னால் போன கார் சட்டென்று வேகம் குறைத்தது. பின்னால் வந்த சரக்கு லாரி அதைத் தவிர்க்க ஒடித்து, இடைவெளிக்குள் புகுந்தது. பிரேக் அலறியதும் மாப்பிள்ளை அலறியதும் ஒன்றாகவே கேட்டன.

தகரக் கொட்டகையிலிருந்து மேஸ்திரி ஓடிவந்தார். கீழே கிடந்தவனைப் பார்த்தார், திறந்து கிடந்த வழியைப் பார்த்தார், கிரேன்காரனைப் பார்த்தார்.

"நீ மூடலையா?"

கிரேன்காரன் டப்பாவைப் படியில் வைத்தான்.

"போச்சு. நீயும் நானும் ஜெயிலுக்குத்தான்." மேஸ்திரி நாலு பக்கமும் பார்த்தார்; அந்தக் கார் நிற்காமல் போயிருந்தது, பார்க்க வேறு ஆளில்லை. லாரி டிரைவரிடம் போனார். "ஆளு கட்டையைத் தாண்டி உன் வண்டிக்குக் குறுக்கே குதிச்சான். புரியுதா? உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. வண்டியைப் பின்னால எடு." டிரைவர் மறுபேச்சில்லாமல் எடுத்தான்.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்துதான் இருந்தான். இடுப்புக்குக் கீழே பார்க்கும்படி இல்லை. "மச்சான், இழுக்காதீங்க, உயிர் போகுது" என்றான்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் மாப்ளே. பொறுத்துக்க."

அதை நம்பி அவன் மச்சானின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மச்சானும் மேஸ்திரியும் அவனைக் கட்டைக்கு அந்தப் பக்கம், கொதிக்கிற சாலையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். கிரேன்காரன் கிரேனில் ஏறி உட்கார்ந்தான். கட்டை ஆடாமல் அசையாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை கையை உயர்த்தி எதையோ கேட்டான். மேஸ்திரி முளை அடிக்கிற சத்தத்தில் அது காதில் விழவில்லை. அதற்குப் பிறகுதான் மேஸ்திரி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வருவதற்குள் கை விழுந்துவிட்டது.

"கட்டை இருக்கையில எப்படிண்ணே?" என்று சாவு வீட்டில் தங்கை கேட்டாள்.

"தாண்டிக் குதிச்சான். கத்தினேன், காதுலயே வாங்கல."

தங்கை நம்பினாள். அவள் மாமியார் நம்பவில்லை. "எம் பிள்ளை சைக்கிளைக்கூடத் தள்ளிக்கிட்டுத்தான் ரோட்டைத் தாண்டுவான். அவனா குதிப்பான்?" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லிச் சலித்து, ஒருநாள் தானே வேலையிடத்துக்குப் போனாள். கட்டைகளுக்கு உள்பக்கம், காய்ந்த தாரோடு ஓரத்தில் கிடந்த மகனின் ரப்பர் செருப்புகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்து, வீட்டிலிருந்த கிரேன்காரன் முன்னால் வைத்தாள். ஓட முயன்றபோது சூட்டுத் தாரில் ஒட்டிக் கழன்றவை அவை.

"அந்தப் பக்கம் குதிச்சவன் செருப்பு இந்தப் பக்கம் எப்படி வந்துச்சு தம்பி?"

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் வாயில் அப்போது வந்த சொல்லை அவனே எதிர்பார்க்கவில்லை.

"செருப்பைக் கழட்டி வச்சிட்டுக் குதிக்கிறவன் எதுக்குக் குதிப்பான் அத்தை? உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. வீட்டுல அவனுக்கு என்ன குறைன்னு நீங்கதான் சொல்லணும்."

தங்கை மாமியார் பக்கம் திரும்பினாள். "தினமும் அவரைக் குடைஞ்சது நீங்கதானே? சோத்துல உட்கார்ந்தாக் குத்தம், எழுந்தாக் குத்தம். தின்னுட்டீங்களே என் புருஷனை!"

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் கிழவியிடம் யாரும் பேசவில்லை. அவள் தட்டைத் தள்ளி வைத்தார்கள். அந்த வாரமே தன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று துணிகளை மூட்டை கட்டினாள். இருக்கச் சொல்லி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிரேன்காரன்தான் பஸ் நிறுத்தம் வரை போனான். கிழவி அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னிக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, ஏன்டா இப்படிச் சட்டையை அழுக்காக்குறேன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேட்கல தம்பி. அதுக்கா போவான்? உன்கிட்ட ஏதாவது சொன்னானா? என் மேல கோபம்னு சொன்னானா?"

'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். கிரேன்காரன் ரோட்டைப் பார்த்தான்.

"பஸ் வந்துடுச்சு அத்தை. ஏறுங்க."

கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, மூட்டையை அவள் காலடியில் வைத்தான். அவள் மனம் மாறி இறங்கிவிடக் கூடாதே என்று, பஸ் கண்ணுக்கு மறையும் வரை அங்கேயே நின்றான்.