தலைமையகத்திலிருந்து அழைப்பு

போரைப் பார்த்தவனுக்குத்தான் மனிதன் என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்கள் எல்லாம் வாழ்வதாகப் பாவனை செய்கிறார்கள்.

இப்படிச் சொன்னவனுக்கு வயது இருபத்துமூன்று. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவன் தனியாகச் சாலையைக் கடக்க அம்மா சம்மதித்ததே கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான். அவன் இதுவரை கண்ட ரத்தத்தில் பெரும்பகுதி சவரம் செய்யும்போது வந்தது.

ஆனாலும் ஒலிக்கூடத்தில் அவனுக்கு 'ஜெனரல்' என்று பெயர். எடுத்து முடித்த படங்களுக்குச் சத்தம் செய்து சேர்ப்பது வேலை. காரட்டை ஒடித்தால் எலும்பு முறியும். ஈரத்துணியைத் தரையில் அறைந்தால் ஆள் விழுவான். இப்போது வந்திருந்தது ஒரு போர்ப் படம். ஊர் முழுக்கக் குண்டு விழ, நிலவறையில் பதினொரு பேர் பதுங்கியிருக்கும் காட்சி. ஜெனரலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தகரப் பீப்பாய், இரும்பு அலமாரி, அரை மூட்டை மணல் என்று வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் நாற்பத்தேழு குண்டுகள் தயாரித்து, நோட்டில் எண் போட்டு வைத்திருந்தான்.

குறுக்கே நின்றது அக்கா.

படக்கம்பெனி அவளை 'உண்மைத்தன்மை ஆலோசகர்' என்று அனுப்பியிருந்தது. முப்பது வயதிருக்கும். சண்டை நடந்த ஊரிலிருந்து பதினாறு வயதில் தன்னந்தனியாக வந்து சேர்ந்தவள். பதவிக்கு அதுதான் தகுதி. அவள் தலையாட்டினால்தான் சத்தம் படத்தில் சேரும். ஜெனரல் ஏங்கியதும் அதற்குத்தான். 'ஆமா, இப்படித்தான் இருந்துச்சு' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தானும் அங்கே இருந்ததாக ஆகிவிடும் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

"அக்கா, முப்பத்தியொண்ணு கேளுங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

கேட்டாள். "அலமாரி."

"முப்பத்திரெண்டு?"

"அதே அலமாரி. கதவைத் திறந்துபோட்டு அடிச்சிருக்கே. ஜெனரல், இந்தக் குண்டுக்கு உயிர் போகாது, பெயிண்ட்தான் போகும்."

"சரி, நீங்களே சொல்லுங்க. அங்க எப்படித்தான் இருந்துச்சு?"

"அறுவையா இருந்துச்சு."

"என்னது?"

"நாள் பூரா உக்காந்தே இருக்கணும்டா. கால் மரத்துப் போகும். பக்கத்து வீட்டு மாமா குறட்டை விடுவாரு. ஒரு சீட்டுக்கட்டு இருந்துச்சு, அதுலயும் நாலு சீட்டைக் காணோம்."

ஜெனரல் நோட்டை மூடினான். இதற்கெல்லாம் எண் போட முடியாது. "பயம்? மரணம்?"

"அதுவும் இருந்துச்சு" என்றவள், மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "அந்த டப்பாவுல என்ன?"

அம்மா கட்டிக்கொடுக்கும் சாப்பாடு. பள்ளிக்கூடக் காலத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டு மூடியில் இன்னும் இருந்தது. போர்க்களத்து ஆளுக்கு இது இழுக்கு என்று தினமும் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, தெருமுனைக் கடையில் பன் தின்பான்.

"வேணும்னா எடுத்துக்குங்கக்கா" என்றான். அன்றிலிருந்து டப்பாவைக் காலி செய்வது அக்கா பொறுப்பாயிற்று.

இன்னொன்றையும் அவன் மறைத்து வைத்திருந்தான். பகல் ஒரு மணிக்கு அவன் கைபேசியில் 'தலைமையகம்' என்று அழைப்பு வரும். முகத்தை இறுக்கிக்கொண்டு வெளியே போவான். மூன்று தடவை மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் தலைமையகம் நேரே ஒலிக்கூட வரவேற்பறைக்குப் பேசி, பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று விசாரித்துவிடும். அதனால் அழைப்பு வந்ததும் கைபேசி தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தான்.

நிலவறைக் காட்சியை முழுசாக ஓட்டிப் பார்த்த அன்று, கைபேசியை ஒலிமேசையோடு இணைத்தவன் கழற்ற மறந்துபோனான். திரையில் பதினொரு பேர் இருட்டில் ஒடுங்கிக் கிடந்தார்கள். நாற்பத்தேழாவது குண்டு விழுந்து ஓய்ந்தது. கூடத்தின் எட்டு ஸ்பீக்கரிலும் ஒரு குரல் கிளம்பியது.

"கண்ணு, சாப்ட்டியா? பொய் சொல்லாதே. டப்பா இப்பல்லாம் கழுவித் திரும்பி வருது, நீயா கழுவுற ஆளு? மழை வர்ற மாதிரி இருக்கு, தலையில துணி போட்டுக்கோ. ஏன்டா பேச மாட்டேங்கிறே?"

ஜெனரல் பாய்ந்தான். வயர் காலில் சுற்றி விழுந்தான். தவழ்ந்துபோய் கைபேசியை அணைத்துவிட்டு, அக்கா சிரிக்கட்டும் என்று காத்திருந்தான்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"எது? நாப்பத்தேழா?"

"எங்கம்மா இதையேதான் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. மேல என்ன விழுந்தாலும் சரி. சாப்ட்டியா, தலையில துணி போட்டியான்னு. நான், சும்மா இரும்மா எல்லாரும் பாக்குறாங்கம்பேன். கடைசியாவும் அதைத்தான் சொன்னேன்."

ஆறு வாரமாக ஏங்கிய வார்த்தை கிடைத்துவிட்டது. எந்த எண்ணுக்கு நேரே எழுதுவது என்று தெரியாமல் ஜெனரல் நோட்டும் கையுமாக நின்றான்.

"நாளைக்கும் ஒரு மணிக்குத்தானே கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள் அக்கா.

மறுநாள் ஐந்து நிமிடம் முன்னதாகவே நாற்காலியை ஒலிமேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை வாரிப் படிய வைத்திருந்தாள், யாரோ பார்க்கப் போகிற மாதிரி. ஜெனரல் கைபேசியைத் தானே ஒலிமேசையோடு இணைத்தான். மணி அடித்தது.

"அம்மா, இங்க ஒரு அக்கா இருக்காங்க. உன்கிட்ட பேசணுமாம்."

"யாரும்மா அது? இவன் ஏதாவது தப்புத்தண்டா பண்ணிட்டானா?"

"இல்லைங்கம்மா."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்ட்டியா?"

அக்கா எட்டு ஸ்பீக்கரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்னும் இல்லம்மா."

"நல்லா இருக்கே கதை! மணி ஒண்ணாச்சு, வயித்தை இப்படிக் காயப்போடலாமா? டேய், உன் டப்பாவை அந்தப் பொண்ணுக்குக் கொடுடா. மிச்சம் வைக்காமச் சாப்பிடணும் தெரியுதா? நான் லைன்லயே இருக்கேன்."

"சரிம்மா" என்றாள் அக்கா.

டப்பாவில் எதுவும் இல்லை. பன்னிரண்டரைக்கே அவள் அதைச் சாப்பிட்டு முடித்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.