இடப்பக்கத்து வயலின்

என்னிடம் ஒரு பழைய நாட்டுப்பாடல் இசைத்தட்டு இருக்கிறது. அண்ணனும் தங்கையும் யாருடைய சமையலறையிலோ உட்கார்ந்து பாடியது. நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். இரண்டாவது பாட்டில், தங்கை கடைசிச் சரணத்தை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், இடப்பக்க ஸ்பீக்கரில் ஒரு வயலின் புறப்படும். வலப்பக்கத்தில் துளிகூட வராது. அந்தக் காலத்தில் ஸ்டீரியோ என்றால் வாத்தியத்துக்கு ஒரு மூலை என்று பிரித்து நிற்க வைத்துவிடுவார்கள். அந்த ஒரு வயலினுக்காகவே தட்டைத் தேய்த்து எடுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வயலின் வரவில்லை.

தங்கை மூச்சு வாங்கினாள், நான் காத்திருந்தேன், அண்ணன் அடுத்த வரியைத் தொடங்கிவிட்டான். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். மறுபடியும் இல்லை. நாலு நாளாகவே இடது காது அடைத்தாற்போல இருந்தது, ஜலதோஷம் என்று விட்டிருந்தேன். இப்போது அதன் மேல் சந்தேகம் வந்தது.

சமையலறை வாசலுக்குப் போய் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளர். கிடைப்பது ஒரே ஒரு விடுமுறை, அதிலும் என் தட்டுகளுக்குப் பாதி போய்விடும்.

"இதக் கொஞ்சம் கேளு. வயலின் வருதான்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் ஈரக் கையைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடம் நெருங்கியதும் வழக்கம்போல என் கண் தானாக மூடியது, தலை சாய்ந்தது. என்னைப் பொறுத்தவரை ஒன்றுமே வரவில்லை.

"வருதே! நல்லாத்தானே வருது" என்றாள். "ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, நீ போ."

போயே விட்டது என்று முடிவு கட்டினேன். என் இடது காது போய்விட்டது.

ஸ்பீக்கர் பக்கத்தில் போய் வலது காதை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பயம் ஐயா, பயம்! அங்கே வயலின் கேட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்வது? அதுதான் மனைவி சாட்சி சொல்லிவிட்டாளே. மேற்கொண்டு தோண்ட எனக்குத் தைரியம் இல்லை.

அன்று மாலை அலமாரியிலிருந்து ஒவ்வொரு தட்டாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நாலு இளைஞர்கள் போட்ட ஒரு ராக் ஆல்பம். இடது மூலையில் ஒருவன் கித்தார், வலது மூலையில் இன்னொருவன், இருவரும் கடைசிவரை சண்டை போடுவார்கள். யார் ஜெயித்தான் என்று இத்தனை வருடமாக எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடிந்ததில்லை. இப்போது ஒருவன் மட்டும் கத்திக்கொண்டிருந்தான், போனில் சண்டை போடுகிறவன் மாதிரி. அடுத்தது கண்ட்ரி, அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு. முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவர் பாடியது. அந்த மனிதருக்கு எப்போதும் ஒரே ரகளை: மனைவி போய்விட்டாள், வண்டி நின்றுவிட்டது, மழை வேறு பிடித்துக்கொண்டது. நானும் மகளும் அவரை எத்தனை கிண்டல் செய்திருப்போம்! ஆனால் அவர் குரல் நட்டநடுவில் நிற்பது. எல்லாரும் கைவிட்ட நேரத்தில் அந்த அழுமூஞ்சி ஒருவர்தான் குறையில்லாமல் எனக்காகப் பாடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் வேறு ஊரில் இருக்கிறாள். போனில் அவளிடம் மட்டும் சொன்னேன்.

"ஒரு காது போனா என்னப்பா, இன்னொண்ணு இருக்குல்ல."

"வெச்சிடு போன!"

"ஐயோ, சும்மா சொன்னேன்ப்பா. டாக்டர்கிட்ட போங்க முதல்ல. அப்புறம்... அம்மாவுக்கு எம்மேல ஏதும் கோவமா? போன எடுத்தாலே 'இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்'னுடறாங்க. ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க."

"அவளுக்கு வேலை அலுப்பு. நான் என் காதப் பத்திப் பேசிட்டிருக்கேன், நீ வேற" என்றேன்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். அந்த வாரம் முழுக்க வாடிக்கையாளர்களுக்கு வலப்பக்கத்தைக் காட்டியே நின்றேன். ஓட்டுநர் உரிமத்துக்காகச் சோதனைக்கு வருகிறவர்களில் சில கில்லாடிகள் உண்டு. முன்னால் உட்கார்ந்திருப்பவர் எழுத்துகளைப் படிக்கப் படிக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அட்டையைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் சத்தமில்லாமல் வேறு அட்டையை மாட்டிவிடுவேன். பழைய எழுத்துகளையே ஒப்பித்துவிட்டு அசடு வழிவார்கள். அந்த வாரமும் ஒருவர் அப்படி மாட்டினார். எப்போதும் சிரிப்பேன், அன்று சிரிப்பு வரவில்லை. காது டாக்டர் முன்னால் நானும் இப்படித்தான் நிற்கப்போகிறேன் என்று தோன்றியது.

கடைசியில் ஒரு நாள், காதைக் காட்டப் போகிறேன் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். அவர் என் மகள் வயதுப் பெண். காதில் எதையோ விட்டுச் சுத்தம் செய்தார். பிறகு ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறேனா என்று தெரியாமலே அழுத்தினேன்.

"கொஞ்சம் அழுக்குதான் அடைச்சிருந்தது. மத்தபடி உங்க வயசுக்கு இப்படி ஒரு காத நான் பாத்ததே இல்ல. ரெண்டு பக்கமும் பிரமாதம்" என்றார் டாக்டர். எழுந்து கும்பிடு போட்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்தேன். மனைவி வேலையிலிருந்து திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிய கையோடு அண்ணன் தங்கை தட்டைப் போட்டேன். தங்கை மூச்சு வாங்கினாள். வயலின் வரவில்லை.

டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே, வருவது வரட்டும் என்று மண்டியிட்டு, வலது காதை இடப்பக்க ஸ்பீக்கரில் ஒட்டினேன். அது செத்துக் கிடந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் ஒயர் கழன்று தரையில் தொங்குகிறது! வீடு துடைக்கும்போது எங்களில் யாரோ நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். செருகினேன். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். வந்தது பாருங்கள் அந்த வயலின்! போன உயிர் திரும்பி வந்தது. தனியாக உட்கார்ந்து பைத்தியம்போலச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. 'வருதே! நல்லாத்தானே வருது.'

எங்கிருந்து வந்தது? ஒயர் அன்றைக்கே கழன்றுதானே கிடந்தது?

டிவியில் கீழே எழுத்து ஓடினால்தான் அவள் நாடகம் பார்க்கிறாள். என் தட்டுகளோடு கூடவே முணுமுணுத்துப் பாடுவாளே, அது எப்போது நின்றது? அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் பதிலே வராது. "என்ன திமிரு பாரு உனக்கு" என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன். எத்தனையோ வருடங்கள், நாள் முழுக்க, கூடம் நிறையத் தையல் மெஷின்கள் நடுவில் நிற்கிறவள். எனக்கு உரைக்கவே இல்லை. இல்லை, எனக்காகச் சும்மா 'வருது' என்று சொல்லியிருப்பாள் என்றும் சமாதானம் செய்து பார்த்தேன்.

கதவு திறந்தது. பையை வைத்தவள் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"காது நல்லாருக்காம். உக்காரு, அந்தப் பாட்டக் கேக்கலாம்."

"அப்பாடா!" என்று எதிரில் உட்கார்ந்தாள்.

ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஊசியை வைத்தேன். கடையில் அட்டையை மாற்றி மாட்டுகிற அதே கை. தட்டு ஊமையாகச் சுற்றியது. எனக்கு அந்தப் பாட்டு அத்துப்படி, எந்த இடத்தில் ஓடுகிறது என்று மனதுக்குள் தெரியும். சத்தமே இல்லையே என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். 'என்னங்க, விளையாடறீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

தங்கை மூச்சு வாங்கும் இடத்தில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தேன்.

"வந்துடுச்சு உங்க வயலின்" என்றாள் அவள், சந்தோஷமாக. "எவ்வளவு நல்லாருக்கு!"

கண்ணைத் திறந்தேன். அவள் சிரிப்பு அப்படியே அடங்கியது.

"சத்தமே வெக்கலியா?"

தலையாட்டினேன்.

புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "உங்க மூஞ்சப் பாத்தாலே பாட்டு எங்க ஓடுதுன்னு தெரிஞ்சிடும். அதப் பாத்துத்தான் சொல்லுவேன்."

"எப்பலேர்ந்து?"

"தெரியலங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான். மெஷின் கூடத்துல எல்லாருமே வாயப் பாத்துத்தான் பேசுவோம், அதனால ஓடிடுச்சு. வெளிய தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. உங்ககிட்ட சொன்னா..." என்று நிறுத்தினாள். "அப்புறம் இந்தத் தட்டெல்லாம் நீங்க யாரோட உக்காந்து கேப்பீங்க?"

என் கண்ணீரை அவள் பார்க்கக் கூடாது என்று எழுந்து, தட்டை நிறுத்துகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். "நாளைக்கே அதே டாக்டர்கிட்ட போறோம். காதுக்கு மெஷின் வெச்சா கேக்கும், ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்று சொன்னேன்.

"என்னங்க? ஏதாவது சொன்னீங்களா?" என்றாள் பின்னாலிருந்து. "இப்படித் திரும்பிச் சொல்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"ஐயோ, அப்ப நீங்களும் பயந்துட்டீங்களா?" என்றாள்.