அலமாரிக்குள் நுன்சியா

“கோட்டு சூட்டு ஏதாவது இருக்கா? இப்படியேவா பெட்டியில வைக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே சவப்பெட்டியின் மூடியைச் சுவரோரம் சாய்த்தான், வந்த இருவரில் மூத்தவன்.

கொன்சேத்தா அலமாரிப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் நின்றாள். கட்டிலில் அவள் புருஷன் ரோக்கோ, கட்டட வேலைக்குப் போகும் சட்டையோடு கிடந்தான். காலையில் பொத்தானைப் போடும்போது நெஞ்சைப் பிடித்தவன்தான். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்பு சூட்டு அலமாரியில் தொங்கியது. அதன் அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர்களின் ஆறு வயது மகள் நுன்சியா உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மாத அனுமதியில் சுவிட்சர்லாந்துக்கு வேலைக்கு வருகிற இத்தாலிக்காரர்கள் பிள்ளையைக் கூட்டி வரக்கூடாது. நுன்சியா இருப்பது வெளியே தெரிந்தால் தாயும் மகளும் ரயிலேற வேண்டியதுதான். அது 1970. அந்நியர்களைக் குறைக்கலாமா என்று அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. ‘வந்தவர்கள் போதும்’ என்ற நோட்டீஸ் இந்த வீட்டுப் படிக்கட்டுச் சுவரில்கூட இருந்தது. ஒட்டியவர் வீட்டுக்காரர் சோலிங்கர்.

அவர் மனைவி கெட்டவள் இல்லை. காப்பி போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்திருந்தாள். அதுதான் வினை.

“பாவம், அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் எடுத்துத் தரேன்.”

“வேணாம்மா... அது அங்க இல்ல.”

“வேற எங்க இருக்கும்? இருக்கிறதே ஒரு அலமாரி. நீ உட்காரு.”

கைப்பிடியில் கை வைத்தாள். உள்ளே ஒரு விம்மல்.

“என்ன சத்தம்?”

கொன்சேத்தா பாய்ந்துபோய் அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து, மார்பில் ஓங்கி அறைந்தாள். செருப்புச் சத்தம்கூட எழுப்பாமல் இத்தனை நாள் நடந்த வீட்டில், அவள் ஊர்ப் பெண்கள் வைக்கிற ஒப்பாரியை வைத்தாள். அவள் ஊர்ப் பேச்சு அங்கிருந்த யாருக்கும் விளங்காது.

“என் கண்ணே, மூச்சுக் காட்டாதடி!
எதிர்லயே நிக்கிறாங்க, அசையாதடி!
அப்பாவத் தூக்கப் போறாங்கடி,
அங்கிருந்தே சிலுவை போட்டுக்கடி!”

“ஐயோ, இந்த இத்தாலிக்காரங்க! எதுக்கெடுத்தாலும் கத்தல்.” வீட்டுக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். “இதுக்குத்தான் எங்க வீட்டுக்காரர் சொல்றாரு...” அதோடு நிறுத்திக்கொண்டாள். பிணம் கிடக்கிற அறை என்று ஞாபகம் வந்திருக்கும்.

“விடுங்கம்மா. சட்டையோடவே வச்சிடுறோம்,” என்றான் மூத்தவன்.

கொன்சேத்தாவின் ஊரில் பரம ஏழையைக்கூடக் கல்யாண உடுப்பில்தான் அடக்கம் செய்வார்கள். ரோக்கோ சிமெண்டுக் கறை படிந்த சட்டையோடு பெட்டிக்குள் போனான். கிட்டே போய் அவன் நெற்றியில் ஒரு முத்தம் வைக்கக்கூட அவளால் முடியவில்லை. கதவிலிருந்து முதுகை எடுக்காமல் நின்றபடியே அழுதாள். பாசாங்கு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

காலடிச் சத்தம் படியிறங்கியது. வாசலில் வண்டி கிளம்பியது. வீட்டுக்காரம்மாவும் காப்பித் தட்டோடு கீழே போய்விட்டாள்.

கொன்சேத்தா கதவைத் தாழிட்டு வந்து அலமாரியைத் திறந்தாள். அழுகை மட்டும் நின்றபாடில்லை, வீடே அதிர்ந்தது. நுன்சியா வெளியே வந்து வெறும் கட்டிலைப் பார்த்தாள். பிறகு எட்டி, அம்மாவின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

“மெதுவாம்மா. கீழ கேட்டுடும்.”